ஸ்ரீரங்கத்தில் ஒரு பாத்ரூம் கட்டினோம்

"கோமதி, ஒரு பாத்ரூம் கட்டணும். நீ வந்தாத்தான் ஆகும்" என்று ரெங்கண்ணா போனில் சொன்னபோது, நான் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் நடுக்கூடத்தில் தெர்மாகோலைச் செதுக்கிப் பனிமலை செய்துகொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. கண்காட்சி, கடைத்திறப்பு, பண்டிகை என்று எது வந்தாலும் இரண்டு நாளில் ஒரு பொய் ஊரைக் கட்டுவேன், விழா முடிந்ததும் பிரித்துப் போடுவேன். ஸ்ரீரங்கத்தில் கொத்தனார் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"நிஜ பாத்ரூம் இல்லம்மா. நம்ம டிவிக்கு. நம்ம சாதிக்குக்காக."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று மாலையே ஐந்து நாள் லீவு சொன்னேன்.

யார் ரெங்கண்ணா, என்ன டிவி என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற உள்ளூர் கேபிள் சேனல் அது. பெருமாள் பெயரில் நீளமாக ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது 'மாடி டிவி'. கோயில் புறப்பாடு நேரலை, ஜவுளிக்கடை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி, சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்து. என் இருபதுகளில் அந்த வாழ்த்தைப் படித்தவள் நான்தான். படிக்காத நேரத்தில் பின்னால் மாட்டும் திரைக்குப் பெயிண்ட் அடிப்பேன். ரெங்கண்ணா முதலாளி, கேமராமேன், பூஜைக்கு விளக்கேற்றுபவர் எல்லாம். சாதிக் லைன்மேன். பாலக்கரைப் பையன், அப்போது பத்தொன்பது வயது. தோளில் கேபிள் வளையத்தை மாட்டிக்கொண்டு ஊர் மாடிகளில் எல்லாம் நடப்பான்.

ஒரு ஐப்பசி மழையில், நான் வாழ்த்துப் படித்துக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துபோனது. பெயர் வராத குழந்தை அழுகிறது என்று அதன் அம்மா போன் செய்தார். சாதிக் மூன்று மாடி தாண்டி, பாசி பிடித்த கைப்பிடிச்சுவர் மேல் நடந்து போய், ஒயரைப் பல்லால் சீவி முறுக்கிப் பிடித்துக்கொண்டு, "படிங்கக்கா" என்று கத்தினான். நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவன் நனைந்துகொண்டு நின்றான்.

பிறகு நான் மலேசியா போனேன், அவன் துபாய் போனான். அவன் திரும்பி வந்து ஏ.சி. மெக்கானிக் ஆனான், நான் திரும்பவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால், அவன் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் செம்புக் குழாய் காணாமல் போயிருக்கிறது. விசாரிக்க வேண்டும் என்று ஒரு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு நாள் கழித்து வெளியே வந்தபோது வலது மணிக்கட்டு முறிந்திருந்தது, இடது கையில் இரண்டு விரல் முறிந்திருந்தது, உள்ளங்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. ஸ்டேஷன் காகிதத்தில் எழுதியிருந்தது: 'குளியலறையில் வழுக்கி விழுந்தார்.'

நம் ஊரில் இந்த வாக்கியத்துக்கு உரை எழுத வேண்டியதில்லை. என் எரிச்சல் வேறு. சாதிக்கே அதை ஒப்புக்கொண்டு ரேகை வைத்திருந்தான். பெற்ற தாயிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா கலெக்டருக்கு மனு போட்டதால் திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணை. அங்கேயும் வழுக்கினேன் என்று அவன் சொல்லிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. செய்தவர்கள் நிம்மதியாக அடுத்த ஆளைக் கூட்டிவரலாம்.

அதற்குத்தான் பாத்ரூம்.

*

வியாழக்கிழமை காலை இறங்கினேன். விமானம் நிற்பதற்கு முன்பே பாதிப்பேர் எழுந்து நின்று மேலே இருக்கும் பெட்டியை இழுக்க ஆரம்பித்தார்கள். "திருச்சி விமானத்தில் மட்டும் ஏன் இப்படி?" என்று ஒரு பணிப்பெண் மலாயில் கேட்க, "கீழே சோறு ஆறிக்கொண்டிருக்கும்" என்றாள் இன்னொருத்தி அதே மலாயில். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். நானும் எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கே.கே. நகரில் தங்கை வீட்டில் பையைப் போட்டுவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். கண்டக்டரிடம் பத்து ரூபாயை நீட்டினேன். அவர் அதைத் தொடாமல் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"லேடீஸுக்கு ஃப்ரீங்க. வெளியூரா?"

"இந்த ஊர்தாங்க."

"இந்த ஊர்ன்னா தெரிஞ்சிருக்குமே" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். சுருக்கென்றது. வாதாட என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

காவிரிப் பாலம் வந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஆடி மாதத் தண்ணீர், கரைக்குக் கரை. ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்து ஆற்றைப் பார்த்துக் கும்பிட வைத்தாள். கோலாலம்பூரில் தினமும் ஒரு ஆற்றின் மேல்தான் ரயிலில் போகிறேன். யாரும் தலையை நிமிர்த்திப் பார்த்து நான் கண்டதில்லை, நான் உட்பட.

மாடி டிவி அப்படியே இருந்தது. படிக்கட்டில் அதே கற்பூர வாசனை, ஒயர் சூடேறும் வாசனை. நான் இருபது வருஷத்துக்கு முன்னால் வரைந்த கொள்ளிடக் கரைத் திரை சுருட்டி ஒரு மூலையில் நின்றது. பிரித்துப் பார்த்தேன். தென்னைமரம் எல்லாம் சாய்ந்திருந்தது. அப்போது அது காற்றில் சாய்கிற தென்னை என்று சொல்லிச் சமாளித்திருந்தேன்.

"வா கோமதி. மொதல்ல சாப்பிடு, அப்புறம் வேலை" என்றார் ரெங்கண்ணா. எழுபதை நெருங்குகிறார். நெற்றியில் திருமண், கையில் ரிமோட். "சாத்தமுது சூடா இருக்கு. நோக்கு இந்த ஊர் சாத்தமுது மறந்துடுத்தோ என்னவோ."

மறக்கவில்லை. ரசம் என்று ஊரே சொல்வதை அவர் வீட்டில் மட்டும் சாத்தமுது என்பார்கள். பெயர் மாறினால் ருசியும் மாறிவிடும் என்று அந்தக் காலத்தில் நான் கேலி செய்வேன். மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே நிகழ்ச்சியை விளக்கினார். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அரை மணி நேரம். பெயர்: 'வழுக்கி விழலாம் வாங்க'. போட்டி விதி ஒன்றே ஒன்று. ஈரத் தரையில் ஒரே ஒரு தடவை வழுக்கி விழ வேண்டும். அந்த ஒரே விழுதலில் வலது மணிக்கட்டும், இடது கை இரண்டு விரலும் முறிய வேண்டும், இரண்டு உள்ளங்காலிலும் கோடு கோடாகத் தழும்பு வர வேண்டும். செய்து காட்டுபவருக்குக் காலுக்கடியில் போடும் ரப்பர் பாய் பரிசு. மூன்று வாரமாக யாரும் பரிசை வாங்கவில்லை.

"ஜனங்க போன் பண்றா கோமதி. ஒருத்தர் தலைகீழா வழுக்கலாமோன்னு கேக்கறார். ஒரு மாமி, சோப்பை மாத்திப் பாருங்கோங்கறா. எல்லாரும் சிரிக்கறா. சிரிச்சு முடிச்சப்புறம் ரெண்டு நிமிஷம் யாரும் போனை வைக்கறதில்ல. அப்போதான் பேசறா. எங்க அண்ணனை இப்படித்தான் பண்ணினா, எங்க வீட்டுக்காரரை இப்படித்தான் பண்ணினான்னு." ரிமோட்டைக் கீழே வைத்தார். "ஆனா சாதிக் பார்க்கறதே இல்ல. சனிக்கிழமை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கெளம்பிப் போயிடறானாம்."

இதுவரை வெறும் கோணியை விரித்துத் தண்ணீர் தெளித்து நடத்தியிருக்கிறார்கள். விசாரணைக்கு முந்தைய நிகழ்ச்சி இது என்பதால், நிஜ பாத்ரூம் போலவே இருக்க வேண்டும் என்று ரெங்கண்ணாவுக்கு ஆசை. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

*

வெள்ளிக்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வழுக்கி விழுகிற நடிகர் பூபதி உப்பிலியபுரத்திலிருந்து வரவேண்டும். நாடகக்காரர், விவசாயியும் கூட. பஸ் துறையூரில் நின்றுபோய், எல்லாரையும் இறக்கி அடுத்த பஸ்ஸில் திணித்துவிட்டார்களாம். தோளில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். பச்சைமலை மரவள்ளிக்கிழங்கு, உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தேன். கிழங்கு மூட்டையை மடியில வச்சுட்டு நின்னுக்கிட்டே வந்தேன்."

"மடியில வச்சுட்டு எப்படிங்க நிப்பீங்க?"

"நாடகக்காரன் மேடம். எல்லாம் முடியும்."

மரவள்ளிக்கிழங்கு என்றால் எனக்குக் கோலாலம்பூர் ஞாபகம் வருகிறது. அங்கே அதைத் துருவி, தேங்காய்ப்பால் விட்டு கேக் செய்வார்கள். அங்கே அதைச் சாப்பிடும்போதெல்லாம் துறையூர்ப் பக்கம் ஞாபகம் வந்து தொலைத்திருக்கிறது. எங்கே இருந்தாலும் இன்னொரு இடத்தை நினைக்கிற வியாதி எனக்கு.

இருவருமாகப் பெரிய கடை வீதியில் அலைந்தோம். டைல்ஸ் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் தாள், ஒரு குழாய், பக்கெட், மக். தாளை வாங்குவதற்குள் பெரிய சண்டை. எனக்கு வெள்ளை. அரசாங்கக் கட்டடம் என்றால் நீலம்தான் என்றார் பூபதி. ரெங்கண்ணாவுக்குப் போன் போட்டோம். அவர் பச்சை என்றார். கடைக்காரர் தானாகவே முன்வந்து, அவர் மச்சான் பஞ்சாயத்து ஆபீஸில் மஞ்சள்தான் போட்டிருப்பதாகச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி என்னையே பார்த்தார்.

"நீங்க பிறந்தநாள் வாழ்த்து அக்காதானே? மூஞ்சி அடையாளம் தெரியல. குரலு அப்படியே இருக்கு. என் மக பேரை ஒரு தடவ ரெண்டு வாட்டி படிச்சீங்க, மழை அன்னிக்கு!"

அது அந்த மழை நாள்தான். அழுத குழந்தைக்குக் கல்யாணமாகி, அவளுக்கே ஒரு குழந்தை இருக்கிறதாம். கடையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று லைனைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான் சாதிக் என்று சொன்னேன். "டிவியில சொல்றாங்களே, அந்தப் புள்ளையா?" என்று கேட்டார். போகும்போது வெள்ளை நிறத்தையே வாங்குங்கள் என்று எனக்காக ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். வெள்ளை வாங்கினோம்.

ஜும்மா தொழுகை முடிகிற நேரத்துக்குப் பாலக்கரையில் சாதிக் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவை ஆயிஷாம்மா என்று கூப்பிடுவேன். நெய்ச்சோறும் தால்சாவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முன்பெல்லாம் பெருநாளைக்கு மாடி டிவி முழுக்க அவர் வீட்டில்தான் சாப்பாடு. ரெங்கண்ணா மட்டும் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து எங்களுக்குக் காவல் இருப்பார்.

"மலேசியாவுல இப்படி தால்சா கிடைக்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டார். கிடைக்காது என்றேன். பொய்தான். எங்கள் தெருவிலேயே ஒரு கடை இருக்கிறது. ஆனால் அது வேறு.

எனக்குச் சோறு போட்டுவிட்டு, பீரோவிலிருந்து ஒரு நகல் காகிதத்தை எடுத்துவந்து காட்டினார். வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்த காகிதம். அடியில் ஒரு கைநாட்டு.

"பாரு கோமதி. பத்தாவது படிச்சவன். துபாய்ல இங்கிலீசுல கையெழுத்து போட்டவன். இங்க கைநாட்டு வச்சிருக்கான். ஏன்? பேனா பிடிக்க விரல் எங்க இருந்துச்சு?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "என் மகன் மழையில பாசி பிடிச்ச சுவத்து மேல நடந்தவன். ஒரு நாள் விழுந்ததில்ல. அவன் பாத்ரூம்ல வழுக்குவானாம்மா? நான் கேட்டா என் மூஞ்சியப் பார்க்காம ஆமாங்கறான். அவனை அடிச்சவங்களுக்கு நான் துஆ கேட்க மாட்டேன், சாபமும் விட மாட்டேன். எங்கிட்ட அவன் பொய் சொல்றான் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அப்போதுதான் சாதிக் பள்ளிவாசலிலிருந்து வந்தான். தாடியில் நரை. வலது கையில் மாவுக்கட்டு, இடது விரல்களில் பட்டை. பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தான். என்னைக் கண்டதும் பழைய சிரிப்பு வந்தது. "அக்கா, குண்டாயிட்டீங்க" என்றான். எனக்கு உயிர் வந்தது. துபாய், பனிமலை, மழை, ரெங்கண்ணாவின் சர்க்கரை என்று என்னென்னவோ பேசினோம். புறப்படும்போது, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன்: "என்னடா ஆச்சு?"

"வழுக்கிட்டேன்க்கா." சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் எதிர்வீட்டு மாடியில் தொங்கிய கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை மாடி டிவிக்கு ஒரு விருந்தாளி வந்தார். சாதாரண உடை, போலீஸ் தலைமுடி. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"சாமி, கோயில் நேரலை நல்லா பண்றீங்க. அதை மட்டும் பண்ணுங்களேன்."

ரெங்கண்ணா கைகூப்பினார். "பேஷா பண்றேன். ஆனா இதுல நான் ஒண்ணும் சொந்தமா சொல்லலியே? வழுக்கி விழுந்தான்னு நீங்க எழுதினேள். எப்படி வழுக்கறதுன்னு நாங்க பயிற்சி பண்றோம். உங்க பேச்சைத்தானே டிவில போடறோம்?"

வந்தவர் பாதி ஒட்டியிருந்த வெள்ளை டைல்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒட்டாமல் கிடந்த ஒரு தாளைக் காலால் ஒதுக்கிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் படி இறங்கியதும் ரெங்கண்ணா கதவைத் தாழிட்டு, தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தார். "சாத்தமுது குடிக்கறியா?" என்று அவரே என்னைக் கேட்டார்.

*

சனிக்கிழமை மதியத்துக்குள் பாத்ரூம் முடிந்துவிட்டது. சொல்லிக்கொள்ளக் கூடாது, என் வாழ்நாளிலேயே நல்ல வேலை அது. டைல்ஸ் இடுக்கில் அழுக்கு, குழாய்க்கு அடியில் துருக்கறை, சுவரில் ஈரம் ஏறிய தடம், மூலையில் தேய்ந்துபோன சோப்பு. ஆடிக்காற்று மாடிக் கதவை அடித்துச் சுவரை ஒரு தடவை சாய்த்தது. ஆணி அடித்து நிறுத்தினேன். பூபதி ஒத்திகைக்கு ஏழு தடவை விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தரையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

அதுதான் வினையாகப் போனது. ஆறு மணிக்குத் தண்ணீர் மரப்பலகை வழியாக இறங்கி, சுவரோரம் இருந்த பழைய ஒயரில் ஏறி, பட்டென்று மொத்த மாடியும் இருண்டது. கேமரா, விளக்கு, ஒளிபரப்புப் பெட்டி எல்லாம் அவுட். ரெங்கண்ணா அழைத்த இரண்டு எலெக்ட்ரீஷியன்களும், இது எந்தக் காலத்து ஒயரிங் சாமி, எங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார்கள். புரிந்த ஆள் ஒருவன்தான். அந்த ஒயரை இழுத்தவன்.

போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரெங்கண்ணா என்னைப் பார்த்தார். நான்தான் பேசினேன். "டேய், லைன் போயிடுச்சுடா" என்றேன். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

இருபது நிமிஷத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினான். படியை ஒவ்வொன்றாக ஏறினான். இரண்டு கையும் உதவாது என்பதால் என்னை ஸ்டூலில் ஏற்றி ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான்.

"சிவப்பை விடுங்க. அதுக்குப் பின்னாடி கறுப்பு இருக்கும் பாருங்க. அதைக் கழட்டிட்டு மேல இருக்கற ஃப்யூஸ் கட்டையில மாட்டுங்க. கை நடுங்குதுக்கா உங்களுக்கு."

"உன் கையா இருந்தா நடுங்காதுடா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் மாவுக்கட்டால் மேலே காட்டி, "அந்தக் கட்டைதான்க்கா" என்றான்.

விளக்கு வந்தது. வந்த வெளிச்சத்தில் அவன் முதல் தடவையாக நாங்கள் கட்டிய பாத்ரூமைப் பார்த்தான். பக்கத்தில் போய், மாவுக்கட்டின் நுனியால் குழாயைத் தொட்டான்.

"இதை யாருக்கா வைக்கச் சொன்னது?"

"நான்தான்."

தலையாட்டிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. மணி ஏழாகிவிட்டது.

பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த மைக்கைப் பிடித்தேன். வணக்கம் சொல்லி, விதியைப் படித்தேன். என் குரல் எனக்கே பழைய குரலாகக் கேட்டது. பூபதி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, சோப்பை மிதித்து, கையைக் காலை விரித்துக்கொண்டு விழுந்தார். எழுந்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, முறியவில்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். தில்லைநகரிலிருந்து ஒருவர் போன் செய்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு விழச் சொன்னார். விழுந்தார். அதிலும் உள்ளங்காலில் கோடு வரவில்லை. ரெங்கண்ணா கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்றாவது தடவை பூபதி விழுந்து கிடக்கும்போது சாதிக் உள்ளே வந்தான். நேராகக் கேமரா முன்னால் வந்து, மாவுக்கட்டுப் போட்ட கையை அவரிடம் நீட்டினான்.

"எழுந்திரிங்கண்ணே. போதும். அங்க பாத்ரூமே கிடையாது."

பூபதி தண்ணீரில் படுத்தபடியே கேட்டார்: "கிடையாதா?"

"கிடையாதுண்ணே. வாடகைக் கட்டடம் அது. போலீஸ்காரங்களே எதிர் டீக்கடைக்குப் பின்னாடிதான் போவாங்க. பின்னாடி பேப்பர் கட்டுப் போட்ட ரூம் ஒண்ணு இருக்கு. சிமெண்ட் தரை. காய்ஞ்ச தரை. குடிக்கத் தண்ணி கேட்டேன், அதுகூட வரல. வழுக்கறதுக்கு எங்க போறது?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெள்ளையா நீலமா என்று கடைவீதியில் போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டோம். கேட்க வேண்டிய ஒருவனை மட்டும், அவன் மனசு நோகுமே என்று கேட்காமலே இருந்துவிட்டோம். எழுதியவர்கள்தான் பொய்யாக ஒரு பாத்ரூமை எழுதினார்கள் என்றால், நாங்கள் அதைத் துருக்கறை முதற்கொண்டு கட்டி முடித்து, நேரலையில் காட்டிக்கொண்டிருந்தோம்.

போன் அடித்தது. ஒரு ஆண் குரல். "அந்தத் தம்பி சொல்றது சரிங்க. பாஸ்போர்ட் விசாரணைக்கு நான் அங்க போயிருந்தேன். எனக்கு சுகர், அடக்க முடியாது. பாத்ரூம் எங்கன்னு கேட்டதுக்கு டீக்கடையத்தான் காட்டுனாங்க."

அவர் வைப்பதற்குள் அடுத்த போன். ஒரு பெண், தயங்கித் தயங்கிப் பேசினார். "பேரு கேட்காதீங்க. நான் அங்க டியூட்டி பார்த்த பொம்பள போலீஸ். பாத்ரூம் வேணும்னு எத்தனை மனு எழுதினோம் தெரியுமா? ஒண்ணும் நடக்கல. நாங்க எட்டு மணி நேரம் தண்ணி குடிக்காம நிப்போம். இல்லாத பாத்ரூம்ல இவரு மட்டும் எப்படிங்க போயி விழுந்தாரு?" அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. வைத்துவிட்டார்.

"இது போதும்டா" என்றார் ரெங்கண்ணா கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இதோட நிறுத்திக்கறதுன்னா நிறுத்திக்கலாம். உன் இஷ்டம்."

சாதிக் என்னைப் பார்த்தான். மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தேன். அவன் கேமராவைப் பார்த்துத் திரும்பினான். வெளியே தெருவில் யாரோ டிவியைச் சத்தமாக வைப்பது கேட்டது.

"அம்மா, நான் வழுக்கி விழலம்மா. அடிச்சாங்க. லத்தியால கால்ல அடிச்சாங்க. பெஞ்ச் மேல கையை வச்சு அடிச்சாங்க. சொன்னா உன்னையும் தூக்கிட்டு வருவோம்னாங்க. அதான் உங்கிட்ட…" தலையைக் குனிந்துகொண்டான்.

போன் அடித்தது. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பாலக்கரையிலிருந்து ஆயிஷாம்மா.

"சாதிக்கு, தலைய நிமித்தி நில்லு. பக்கத்து வீட்டுக்காரங்க, எதிர்வீட்டுக்காரங்க எல்லாரையும் இப்பத்தான் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன். அவங்க முதல்ல இருந்து கேட்கல. இன்னொரு தடவ சொல்லு மகனே. திங்கக்கிழமை சொல்லப்போற மாதிரியே சொல்லு."

சாதிக் தலையை நிமிர்த்தினான். முதலிலிருந்து சொன்னான்.